சம்பந்தி வீட்டு வேட்பாளர்

புருசெத், ஒஸ்லோ
27.03.2008

அன்பும் மதிப்பும் நிறைந்த சச்சிதானந்தன் அத்தானுக்கு,

மைத்துனன் இரத்தினவேல் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் விமலாதேவியும் பிள்ளை யதுர்ஷாவும் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். அங்கே பென்சில்வேனியாவில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்றும், அக்காவின் முழங்கால் வலி இந்தக் குளிரோடு போய்த் தொலைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். உபசாரம் இவ்வளவுதான் அத்தான். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மடியில் வைத்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தேவையில்லை: கலியாணம் குழம்பவில்லை. குழம்பப் பார்த்தது. குழம்பவில்லை. அப்பாடா.

போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் இப்போது போனைத் தொடுவதில்லை. அதிலே ஸ்பீக்கர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அந்தப் பொத்தானால் வந்ததுதான் இத்தனை கூத்தும். கடிதம் என்றால் ஒருவருக்கு எழுதினால் ஒருவர்தான் வாசிப்பார், நடுவிலே இன்னொருவர் ‘என்ன, என்ன?’ என்று வரமாட்டார். இத்தனை வருடமாகத் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிற எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து அக்காவுக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டாம். நல்ல மனுசிதான், ஆனால் கோயிலில் பூசை முடிய முதல் நாலு பேருக்குச் சொல்லிப்போடுவா.

அங்கே அமெரிக்காவில் இருக்கிற குணசிங்கத்தாரின் மகன் கோபிகனை நீங்கள்தான் பார்த்துச் சொன்னீர்கள். சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, நத்தார் விடுமுறைக்கு மாப்பிள்ளைத் தம்பி ஒஸ்லோவுக்கே வந்துபோனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பேரும் சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள், இருட்டுப்படும் வரைக்கும் வரவில்லை. வந்தபோது இரண்டு பேருக்கும் மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்து கிடக்கிறது. ஏன் பிள்ளை இவ்வளவு நேரம் என்றால், ‘திரும்பவும் ஒருக்கால் சுத்தினாங்கள் அப்பா’ என்கிறாள். மைனஸ் பன்னிரண்டிலே ஏரியை இரண்டு தரம் சுற்றின பிள்ளையிடம் விருப்பமா என்று வேறு கேட்கவேண்டுமா அத்தான்? ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருந்து களைத்து விழுந்து வருகிறவள், இப்போது போன் மணி கேட்டால் சப்பாத்தும் கழற்றாமல் ஓடுகிறாள். எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது. இந்தச் சம்பந்தம் என்னுடைய வாயால் குழம்பிப்போனால் அவளுடைய முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்ற ஒரே பயம்தான்.

அதனால் பொம்பிளைப் பகுதி வழக்கப்படி ஒரு முடிவு எடுத்தேன். தாலிக்குப் பொன்னுருக்கு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் எது சொன்னாலும் ‘ஓம்’. இது எங்கள் குடும்பத்தில் புதிதில்லை. நீங்கள் அக்காவைப் பார்க்க வந்த அன்று, கத்தரிக்காய் உடம்புக்கு அவ்வளவு நல்லதில்லை என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னீர்கள். கலியாணம் முடியும்வரை எங்கள் ஐயா வீட்டுக்குள் கத்தரிக்காயை எடுக்கவிடவில்லை. நீங்கள் அதை மறந்து, கலியாணம் முடிந்து வந்த முதல் நாளே ‘ஏன் மாமி, இஞ்சை கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேல்லையோ?’ என்று கேட்டீர்களாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

சரி. தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குணசிங்கத்தார் போன் எடுத்தார். கலியாண நாள் பற்றித்தான் கதைக்கப்போகிறார் என்று நான் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, “அண்ணை, நீங்கள் என்ன நினைக்கிறியள், எங்கடை கட்சி ஆரை நிப்பாட்ட வேணும்?” என்றார். எனக்கு முதலில் எந்தக் கட்சி, எந்த ஊர் என்றே விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி ஒருவரைத்தான் நிறுத்துமாம், அது யார் என்று மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர் வாக்குப் போட்டுத் தீர்மானிப்பார்களாம், இந்தமுறை கிலறி அம்மாவுக்கும் ஒபாமாவுக்கும் பலத்த போட்டியாம். உங்களுக்குத் தெரிந்த விஷயம், எனக்கு அன்றுதான் பாடம். “அனுபவம் வேணும் அண்ணை. அந்த மனிசி வெள்ளை மாளிகையிலை இருந்தவ. எந்தக் கதவைத் திறந்தால் எந்த அறை எண்டு தெரியும். இந்த ஒபாமாத் தம்பி கெட்டிக்காரன்தான், ஆனால் வயசு கிடக்கு, பிறகும் நிக்கலாம்தானே. என்ன சொல்லுறியள்?” நான் என்ன சொல்லுறது? “ஓம் ஓம், அனுபவம் முக்கியம்” என்றேன். அவருக்குப் பெரிய திருப்தி. நாள் பற்றிக் கதைக்காமலே வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை அவருடைய மனைவி ஜெயகுமாரி போன் எடுத்தா. சேலை நிறம் பற்றிக் கதைக்கிறா என்று விமலாதான் முதலில் பேசினாள். பிறகு, “அண்ணையிட்டை ஒருக்கால் குடுங்கோ” என்றாவாம். “அண்ணை, அந்தத் தம்பி ஒபாமாவின்ரை பேச்சைக் கேட்டனீங்களோ? நான் அழுதுபோட்டன். தாயும் தாய்வழிச் சொந்தமும் வளர்த்த பிள்ளை. எவ்வளவு படிச்சிருக்கு! எங்கடை வீட்டிலை ஒராள் அனுபவம் அனுபவம் எண்டு நிக்கிறார். என்னைக் கட்டேக்கை இவருக்கு என்ன அனுபவம் இருந்ததாம்? நான் சமாளிக்கேல்லையோ? நீங்கள் சொல்லுங்கோ, எங்கடை கட்சி இந்தப் பிள்ளையைத்தானே நிப்பாட்ட வேணும்?” அத்தான், சத்தியமாக எனக்கு அந்த நேரம் யதுர்ஷாவின் சிவந்த மூக்குத்தான் கண்ணுக்கு முன்னாலே வந்தது. “ஓம் தங்கச்சி, வேற ஆர்?” என்றேன்.

விமலா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, போன கிழமை அந்தாளுக்கு வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?” என்றாள். “அது அவருக்கு, இது இவவுக்கு. அவை ரெண்டுபேரும் இதைப் பற்றித் தங்களுக்குள்ளை கதைக்கிறேல்லை போலை” என்றேன். எவ்வளவு பெரிய மடையன் நான் என்று பாருங்கள். புருசன் பெண்சாதி ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றிக் கதைக்காமல் வேறு எதைப் பற்றிக் கதைப்பார்கள்?

அதன்பிறகு இரண்டு மாதம் எனக்கு நித்திரை இல்லை. குணசிங்கத்தார் ஒரு ஞாயிறு, ஜெயகுமாரி மற்ற ஞாயிறு. அவரோடு கதைக்கும்போது கிலறி அம்மா ஏதாவது மாநிலத்தில் வென்றிருந்தால் நான் வாழ்த்தவேண்டும், ஜெயகுமாரியோடு கதைக்கும்போது அதே மாநிலத்தை ‘அது சின்ன விஷயம் தங்கச்சி’ என்று சொல்லவேண்டும். வேலையிடத்தில் நோர்வேக்காரர் பனிச்சறுக்கல் போட்டி பார்க்க, நான் மட்டும் அமெரிக்கச் செய்தி பார்க்கிறேன். போன வருடம் இங்கே நடந்த நகரசபைத் தேர்தலில் யார் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் யார் எத்தனை வீதம் என்று நித்திரையிலும் சொல்வேன்.

தாங்கமுடியாமல் லோறென்ஸ்கூக்கில் இருக்கிற சிநேகிதன் வரதராசாவிடம் யோசனை கேட்கப் போனேன். வீடு வாங்கின நாளிலிருந்து அவனுக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. ஆளை இருத்தி, தேத்தண்ணி தந்து, “இதென்ன பெரிய வேலை? சம்பந்தம் பேசுற மாதிரிப் பேசிப் பார்ப்பம்” என்றான். குடும்பம் பார்த்தோம், படிப்புப் பார்த்தோம். “ரெண்டு பேரும் சட்டம் படிச்சவை, ரெண்டு பேரும் ஒரே கட்சி, சொல்லுறதும் கிட்டமுட்ட ஒண்டுதான். பிறகேன் அடிபடுகினம்?” என்று அவனே என்னைக் கேட்டான். பிறகு கலண்டரை எடுத்துப் பார்த்தவன் திடுக்கிட்டுப்போனான். “டேய், இவங்கள் எல்லா வாக்கெடுப்பையும் செவ்வாய்க்கிழமையிலையெல்லோ வைக்கிறாங்கள்! செவ்வாய்க்கிழமை ஆராவது நல்ல காரியம் தொடங்குவானோ? அதுதான் முடிவு வராமல் இழுபடுது!” கடைசியில் பெரிய யோசனை ஒன்று சொன்னான்: இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால் என்ன, ஒருவர் ஜனாதிபதி, மற்றவர் உப ஜனாதிபதி? எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்த ஞாயிறே குணசிங்கத்தாரிடம் இதை அவிழ்த்துவிட்டேன். அவர், “நல்லதுதான் அண்ணை. ஆனால் ஆர் மேலை?” என்றார். நான் பழையபடி, “அனுபவம் உள்ள ஆள்தான்” என்றேன்.

இப்படியே சமாளித்து ஈஸ்ரர் வந்தது. நோர்வேக்காரர் எல்லாரும் மலைக்குடிலுக்குப் போய்விட்டார்கள், எங்கள் தொடர்மாடி வெறிச்சோடிக் கிடக்கிறது. யதுர்ஷாவுக்கு அன்றும் வேலை. ஞாயிறு பின்னேரம் போன் அடித்தது. எடுத்தால் குணசிங்கத்தார். “அண்ணை, ரெண்டு பேரும் இருக்கிறம், ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். இண்டைக்கு நாளை முடிவாக்கிப்போடுவம்” என்றார். நானும் எங்கள் பக்கம் ஸ்பீக்கரில் போட்டு, விமலாவைக் கூப்பிட்டு, பஞ்சாங்கத்தை விரித்தேன். ஆவணியில் ஒரு நல்ல நாள் சொல்லி, மண்டபம் சொல்லி, எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் போகிறது. முடிக்கிற நேரத்தில் அந்த மனுசன் சும்மா இராமல், “பாத்தீரோ ஜெயா, எங்கடை சம்பந்தி எவ்வளவு விளக்கமான ஆள். அமெரிக்காவிலை இல்லாத ஆளுக்கே அந்த அம்மாதான் சரியெண்டு விளங்குது” என்றார்.

உடனே ஜெயகுமாரியின் குரல்: “என்ன? எனக்கெல்லோ ஒபாமாதான் எண்டு சொன்னவர்?”

“உமக்கோ? எப்ப?”

“மாசியிலை சொன்னவர், பங்குனியிலை சொன்னவர், போன கிழமையும் சொன்னவர்!”

“எனக்கும் போன கிழமைக்கு முதல் கிழமை சொன்னவரே!”

விமலா தலையிலே கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். “அண்ணை, இருக்கிறியளோ? இப்ப ஒரு சொல்லிலை சொல்லுங்கோ. ஆர்?” என்று குணசிங்கத்தார் கேட்கிறார். நான் சொன்னதைக் கேளுங்கள் அத்தான். முதலில், “இஞ்சை நோர்வேயிலை ராசா இருக்கிறார், எங்களுக்கு இந்த ஜனாதிபதிப் பழக்கம் இல்லை” என்றேன். எடுபடவில்லை. “ஒரு சொல்லிலை, அண்ணை” என்கிறா ஜெயகுமாரி. அந்த நேரம் என் மூளை வேலை செய்த விதத்தை என்னவென்று சொல்வது! இரண்டு பேரில் ஒருவரைச் சொன்னால்தானே மற்றவருக்குக் கோபம், மூன்றாமவரைச் சொன்னால்? அதே போட்டியில் நின்று, தை மாதம் தொலைக்காட்சியில் பார்த்த, வடிவாகத் தலை வாரி இழுத்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவருடைய பெயரைச் சொன்னேன்.

“அவர் விலகி ரெண்டு மாசமாச்சு” என்றா ஜெயகுமாரி. போன் வைக்கப்பட்டது.

விமலா அழத் தொடங்கிவிட்டாள். “என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை ஆரோ ரெண்டு பேருக்காகக் குழப்பிப்போட்டியளே” என்கிறாள். நான் பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சொக்ஸ் இல்லை, சுவெட்டர் இல்லை. இரயில் போகிறதையும் வருகிறதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் அத்தான், மறைக்க என்ன இருக்கிறது. கீழே யதுர்ஷா ஸ்ரேசனிலிருந்து நடந்து வருகிறாள், என்னைக் கண்டு கை காட்டுகிறாள். நான் கை காட்டவில்லை.

அவள் உள்ளே வந்தாள். தாய் சொல்வதைக் கேட்டாள். கண்ணாடிக்குள்ளால் எனக்கு எல்லாம் தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை, இந்த நாட்டுக் கண்ணாடி அப்படி. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாய் அசைந்த விதத்தில் ‘ஹெர்ரெகூட்’ என்றாள் போலிருந்தது, இங்கத்தைய பிள்ளைகள் கடவுளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு கோட்டும் கழற்றாமல் போனை எடுத்தாள். கை ஆட்டுகிறாள், விரலை மடக்குகிறாள், ஒரு கட்டத்தில் மேசையில் தட்டினாள். சரி, முடிந்தது, நான் பாதி குழப்பினதைப் பிள்ளை முழுதாகக் குழப்புகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் போனைப் பறிக்கவும் பயம்.

உள்ளே என்ன நடந்தது என்று விமலா பிறகு சொன்னாள். “அங்கிள், அனுபவம் அனுபவம் எண்டுறியள். அனுபவத்தோடை பிழையான முடிவு எடுத்தவை இல்லையோ?” என்றாளாம். மாமியார் ஆகப்போகிறவ சந்தோஷப்பட, “அன்ரி, அவர் வடிவாப் பேசுறார், சரி. ரெண்டு பேரும் மருத்துவக் காப்புறுதிக்கு என்ன செய்யப்போகினம் எண்டு வாசிச்சனீங்களோ?” என்று அவவிடமும் திரும்பினாளாம். வாசிக்கேல்லை என்றாவாம். “அப்ப ரெண்டு பேரும் அதை வாசிச்சுப்போட்டுச் சண்டை பிடியுங்கோ, நானும் சேருறன்” என்றாளாம். பிறகுதான் என்னைப் பற்றிச் சொன்னாளாம். “அப்பா பொய் சொன்னவர்தான். நான் உங்கடை வீட்டுக்கு வரவேணும் எண்ட ஆசையிலை சொன்ன பொய். அதுக்காக அவரை நீங்கள் கோவிச்சால், நான் உங்களைக் கோவிப்பன்.” இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது அத்தான். நான் வளர்த்த பிள்ளைதானா இது? எந்த நேரத்தில் வளர்ந்தாள்? நான் அந்த நேரம் எங்கே போயிருந்தேன்?

பல்கனிக் கதவைத் திறந்து, “அப்பா, உள்ளுக்கை வாங்கோ, விறைச்சுப்போவியள். அன்ரி கதைக்கப்போறாவாம்” என்றாள். போனை வாங்கினேன்.

“அண்ணை, உங்களிலை எனக்குக் கோபம்தான்” என்றா ஜெயகுமாரி. “ரெண்டு மாசமா எனக்கும் ஓம், அவருக்கும் ஓம். தகப்பன் இப்பிடியெண்டால், பொம்பிளையும் எல்லாத்துக்கும் தலையாட்டி, பின்னாலை வேற கதைக்கிற பிள்ளையா இருக்குமோ எண்டு பயந்துபோனன். அப்பிடி ஒருத்தியோடை ஒரு வீட்டிலை எப்பிடி இருக்கிறது? இவள் முகத்துக்கு நேரை என்னைப் பிழையெண்டு சொல்லிப்போட்டாள். இனி எனக்குப் பயமில்லை. ஆவணியிலையே வைப்பம்.”

பின்னாலே குணசிங்கத்தார், “எனக்கும் பிழையெண்டு சொன்னவள்!” என்று பெருமையாகக் கத்துகிறார்.

அவ்வளவுதான் அத்தான். நான் அப்படியே சோபாவில் சரிந்தேன். விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டு அவிக்கப் போனாள். யதுர்ஷா என்னுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். “உனக்கு ஆர் பிள்ளை நல்லம், அந்த அம்மாவோ ஒபாமாவோ?” என்று கேட்டேன். “உங்களுக்குச் சொல்லமாட்டன்” என்றாள். நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். அன்று இரவு பொங்கலுக்குப் பிறகு முதல் தரமாக ஒழுங்காக நித்திரை கொண்டேன். வேலைக்கும் பிந்திப் போனேன். இனி அங்கே யாரை நிறுத்தினாலும் எனக்கு ஒன்றுதான், நல்லவரை நிறுத்தினால் போதும்.

நீங்கள் அவர்களைக் கண்டால் ஒன்றும் தெரியாதவர்போல் நடந்துகொள்ளுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆவணிக் கலியாணத்துக்குப் பத்து நாள் முந்தியே இங்கே வந்துவிடவேண்டும், பொன்னுருக்குக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிற்கவேண்டும். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். விமலா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பிள்ளை மாமாவுக்கு முத்தம் என்கிறாள்.

இப்படிக்கு,
மனப்பாரம் இறங்கி நிற்கும் மைத்துனன்
இரத்தினவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரம் குணசிங்கத்தார் போன் எடுத்தார், வேறு ஒருவரும் வீட்டில் இல்லாததால் நானே எடுக்கவேண்டி வந்தது. அத்தான், அவர்களுக்கு வாக்கே இல்லையாம். ஐயாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. பச்சை அட்டைதானாம், குடியுரிமைக்கு இப்போதுதான் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். ‘எங்கடை கட்சி, எங்கடை கட்சி’ என்று என்னை இரண்டு மாதம் வறுத்தவர்களுக்கு அந்தக் கட்சியில் போட ஒரு வாக்கு இல்லை. அங்கே எங்கள் சொந்தத்தில் அந்தக் கட்சியில் வாக்குள்ள ஆள் நீங்கள் ஒருவர்தானாம். உங்கள் மாநில வாக்கெடுப்பு சித்திரை இருபத்திரண்டாம் திகதியாம், அதற்கு முதல் உங்களை வந்து பார்க்கப்போகிறாராம். “உங்கடை அத்தான் எங்கடை பக்கம்தானே?” என்று கேட்டார். வாய் தன்பாட்டில் ஓம் என்று சொல்லிவிட்டது. அவர் வைத்துப் பத்து நிமிடத்தில் ஜெயகுமாரியும் எடுத்துக் கேட்டா. அவவுக்கும் ஓம். ஐயா சனிக்கிழமை பின்னேரம் வருகிறார், அம்மா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலமை வருகிறா. இந்தக் கடிதம் கிடைக்க முதல் அவர்கள் வந்துவிட்டால் சமாளித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பின ஆளுக்குப் போடுங்கள். ஆனால் யாருக்குப் போட்டீர்கள் என்று ஆவணி முடியும்வரை எனக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.